கையில்லாத பொம்மைக்கு நாடி

பத்தாம் வகுப்பில் நான் வாங்கிய மதிப்பெண்களைப் பார்த்துவிட்டுத் தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

"நல்ல மார்க். செகண்ட் குரூப் தர்றேன். பயாலஜி எடுத்தா நாளைக்கு டாக்டருக்குக்கூட அப்ளை பண்ணலாம்."

அப்பா தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு தலையாட்டினார். செகண்ட் குரூப் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. டாக்டர் என்ற சொல் மட்டும் காதில் விழுந்திருக்கும்.

"எனக்கு நர்சிங் குரூப் வேணும் மிஸ்" என்றேன்.

"அது வொகேஷனல்மா. மார்க் வராதவங்களுக்கு."

"மார்க் வந்தவங்க சேரக் கூடாதா மிஸ்?"

திமிராகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். ஆனால் வாழ்நாள் முழுவதும் என் கேள்விகள் எல்லாம் திமிராகவே போய் விழுந்திருக்கின்றன. அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "இந்த வாயை வெச்சுக்கிட்டு நர்ஸ் வேலையா?" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. மேல்நிலைப் பள்ளிகளில் தொழிற்பிரிவுகள் வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. தாம்பரத்தில் எங்கள் பள்ளியில் தட்டச்சும் நர்சிங்கும் இருந்தன. தட்டச்சுக்குப் போட்டி இருந்தது. நர்சிங்கில் வேறெங்கும் இடம் கிடைக்காதவர்களைக் கொண்டுபோய் உட்காரவைப்பார்கள்.

சேவை செய்யவேண்டும் என்ற ஆசையில் நான் அதைக் கேட்கவில்லை. இன்றுவரை யார் கேட்டாலும் இதைச் சொல்லிவிடுவேன். எனக்குப் பதின்மூன்று வயதில் குடல்வால் அறுவை நடந்தது. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது எங்கள் ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர், அடுத்த கட்டிலில் இருந்த சொந்தக்காரப் பெண்ணைப் பார்க்க ஏழெட்டு ஆட்களோடு வார்டுக்குள் வந்தார். எங்கள் தெருவில் அவர் வந்தால் அப்பா தோள் துண்டை இடுப்புக்கு இறக்குவார். ஒல்லியான ஒரு நர்ஸ் அவர் எதிரில் போய் நின்று, "பார்வையாளர் நேரம் முடிஞ்சிடுச்சு, எல்லாரும் வெளிய போங்க" என்றாள். அவர் ஏதோ சொல்ல வாய் திறந்தார். "வெளிய போய்ப் பேசுங்க" என்றாள். அவர் போனார். ஒரு பெண் சொல்லி ஓர் ஆண் கேட்டதை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். தையல் இழுத்து வலித்தபோதும் சிரிப்பாக வந்தது. அந்த வேலைதான் எனக்கு வேண்டும் என்று தோன்றிவிட்டது.

எங்கள் வீடு பள்ளிக்கரணையில். சதுப்பு நிலத்தை ஒட்டி அப்பாவுக்குக் கொஞ்சம் நெல் வயல். மழைக்காலத்தில் வயல் எது, ஏரி எது, ரோடு எது என்று தெரியாது. மேடவாக்கம் வழியாகக் கேம்ப் ரோடு சுற்றித் தாம்பரம் போகும் பேருந்தில் நின்றுகொண்டே போவேன். சித்தப்பா, அதாவது அப்பாவின் தம்பி, தன் பங்கு வயலைக் கல் நட்டு மனையாக விற்றுவிட்டு அடுத்தவர் வயல்களையும் விற்றுக் கொடுக்கத் தொடங்கியிருந்தார். வெள்ளை வேட்டியும் மொபெட்டுமாக ஊரில் அவர் சொல்லுக்கு மதிப்பு ஏறிக்கொண்டிருந்த காலம்.

நர்சிங் வகுப்பறை பள்ளியின் கடைக்கோடியில் சத்துணவுக் கூடத்தை ஒட்டி இருந்தது. காலையில் புகை வரும், பத்து மணிக்குமேல் சாம்பார் வாசனை வரும். ஓர் இரும்புக் கட்டில், சிவப்பு ரப்பர் ஷீட், எனாமல் தட்டுகள், வெடிப்பு விழுந்த வெப்பமானி. அப்புறம் அந்தப் பொம்மை. நோயாளிப் பொம்மை வாங்கப் பள்ளியில் வசதி இல்லை என்று, ஸ்டேஷன் பக்கத்து ஜவுளிக்கடை ஒன்றில் கழித்துக் கட்டிய பொம்மையை யாரோ கேட்டு வாங்கி வந்திருந்தார்கள். ரோஸ் நிறம், வரைந்த புருவம், சிரித்த உதடு. தோளோடு இரண்டு கையும் இல்லை. நாங்கள் அதைப் பேஷண்ட் என்றுதான் கூப்பிடுவோம்.

படுக்கையிலேயே மலம் கழிக்க வைக்கும் தட்டின் பெயரால், பள்ளியில் எங்களுக்குப் பெட்பான் குரூப் என்று பெயர். தமிழ், இங்கிலீஷ் வகுப்புகள் எல்லோருக்கும் பொது என்பதால் முதல் குரூப் பெண்களோடு உட்கார வேண்டியிருக்கும். கடைசி பெஞ்ச் எங்களுடையது. ஒருநாள் கணக்கில் புலியான ஒருத்தி நாங்கள் நுழையும்போது மூக்கைப் பிடித்தாள். என் பக்கத்தில் வந்தவள் ரயில்வே குவார்ட்டர்ஸ் பெண். அவள் அப்பா தண்டவாளம் பார்க்கும் கேங்மேன், அம்மா குழந்தைகள் காப்பகத்தில் ஆயா. ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பாடிப் பாடிக் குரல் கணீரென்று இருக்கும். அந்தக் குரலில் வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "ஆமாண்டி, பெட்பான்தான். உனக்கும் ஒருநாள் தேவைப்படும். அப்ப உங்க மேத்ஸ் மிஸ்ஸைக் கூப்பிடு, வந்து வைப்பாங்க."

அன்றிலிருந்து அவள் என் தோழி.

வாரத்தில் இரண்டு நாள் எங்களை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவார்கள். பள்ளித் தாவணிக்கு மேல் வெள்ளை ஏப்ரன். எங்கள் டீச்சர் முறையாக நர்சிங் படித்தவர். ஆனால் பள்ளியில் அவருக்குப் பகுதி நேர வேலைதான். எப்போது வேண்டுமானாலும் போகக்கூடிய வேலை என்பதால் தலைமையாசிரியையின் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து நின்றுவிடுவார். வார்டுக்குள் போனால் மட்டும் ஆள் மாறிவிடுவார். படுக்கை விரிப்பின் மூலை சரியாக மடியவில்லையென்றால் பிரித்துப் போட்டு மறுபடி செய்யச் சொல்வார். படுத்திருக்கும் ஆளை எழுப்பாமலே விரிப்பை மாற்றுவது, முதுகு புண்ணாகாமல் துடைத்துப் பவுடர் போடுவது, உடம்பைத் திறந்து போடாமல் போர்வைக்குள்ளேயே துடைத்துவிடுவது எல்லாம் அங்கேதான் கற்றோம்.

நான் முதன்முதலில் நாடி பார்த்தது முடிச்சூர் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பூக்காரம்மாவுக்கு. மணிக்கட்டில் மூன்று விரலை வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். விரலுக்கடியில் ஒன்று துள்ளியது. அந்த ஆச்சரியத்தில் எண்ணிக்கை தப்பிவிட்டது. மறுபடி எண்ணினேன், மறுபடி தப்பியது. அந்த அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இன்னா பாப்பா, கீறனா? போய்ட்டனா?"

வார்டே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அடுத்த முறை சரியாக எண்ணினேன்.

பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கியதும் ஆண்கள் வார்டு. பாடத்திட்டத்தில் அதுவும் உண்டு. ஒரு முதியவருக்கு முதுகு துடைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு கட்டில் தள்ளி, காலைத் தூக்கி எடை கட்டித் தொங்கவிட்டபடி ஒருவர் படுத்திருந்தார். எங்கள் ஊர்க்காரர். மணல் லாரியிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து வந்து சேர்ந்தவர். என்னைப் பார்த்தார். நான் வணக்கம் சொன்னேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாப்பாடு கொண்டுவந்த அவர் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அந்தம்மா ஊருக்குப் போய்க் குழாயடியில் சொல்லியிருக்கிறார். நான் பேருந்தில் வீடு போய்ச் சேர்வதற்குள் சித்தப்பாவின் மொபெட் எங்கள் வாசலில் நின்றது.

"அண்ணா, ஊரே சிரிக்குது. நம்ம வூட்டுப் பொண்ணு கண்ட ஆம்பளைக்கு முதுகு தொடச்சிகினு கீதாம். இன்னா படிப்பு இது? நாளைக்கு இவளை எவன் கட்டுவான்?"

அப்பா துண்டை மடித்துக்கொண்டிருந்தார். வயலில் அதிர்ந்து பேசுகிற மனிதர், தம்பி முன்னால் குரல் இறங்கிவிடும்.

"கண்ட ஆம்பளை இல்ல சித்தப்பா. நோயாளி" என்றேன்.

"நீ வாயை மூடு. பெரியவங்க பேசிகினு இருக்கோம்."

"என்னப் பத்தித்தானே பேசறீங்க?"

அவர் கையை ஓங்கவில்லை, ஆனால் ஓங்குவதுபோல் எழுந்தார். அம்மா அடுக்களையிலிருந்து வந்து நடுவில் நின்றாள். கையில் தோல் உரித்த விரால், விரலெல்லாம் சாம்பல். "காபித்தண்ணி போடட்டா தம்பி?" என்று மட்டும் கேட்டாள். அவர் காபி குடிக்காமல் போனார். அதோடு விடவில்லை. இரண்டொரு நாளில் ஊர்ப் பெரியவர்கள் சிலரோடு வந்து அவர் தலைமையாசிரியையைப் பார்த்ததாகப் பள்ளிக் காவல்காரர் சொன்னார்.

அடுத்த வாரம் காலைப் பிரார்த்தனை முடிந்ததும் எங்கள் டீச்சர் சிவந்த கண்ணோடு வகுப்புக்கு வந்தார். ஆஸ்பத்திரிப் பயிற்சி நிறுத்தப்பட்டது என்றார். ஆண்கள் வார்டு மட்டுமல்ல, முழுவதும். இனிமேல் செய்முறை எல்லாம் வகுப்பறையில், பொம்மையை வைத்து.

"அப்ப ப்ராக்டிகல் எக்ஸாம்ல மிஸ்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"சமாளிச்சுக்கலாம்னு சொல்றாங்க."

"வேலைக்குப் போனா அங்கயும் சமாளிச்சுக்கலாமா?" என்று ரயில்வே குவார்ட்டர்ஸ் பெண் கேட்டாள். டீச்சர் கரும்பலகையைத் துடைக்க ஆரம்பித்தார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு வேலை முக்கியம். அதனால்தான் நாங்கள் செய்யப்போவதை அவரிடம் சொல்லவில்லை. தெரியாது என்று அவர் உண்மையாகவே சொல்ல முடிய வேண்டும் என்று முடிவு செய்துகொண்டோம்.

மறுநாள் இடைவேளை மணி அடித்தது. பொம்மையைக் கட்டிலிலிருந்து எடுத்து ஸ்ட்ரெச்சரில் கிடத்தினோம். இரண்டு மூங்கிலில் கித்தான் துணி கோத்த முதலுதவி ஸ்ட்ரெச்சர். போர்வையைக் கழுத்துவரை இழுத்து, மூலைகளை மடித்துச் செருகினோம். நாலு பேர் தூக்கினோம், மற்றவர்கள் பின்னால் இரண்டு வரிசை. எல்லோரும் வெள்ளை ஏப்ரன். சமதளத்தில் கால் முன்னால், படி ஏறும்போது தலை முன்னால் என்று படித்தபடியே பிரார்த்தனை மைதானத்தின் நடுவே நடந்தோம். கமர்கட்டும் எலந்தைவடையும் வாங்க நின்ற கூட்டம் முழுவதும் திரும்பியது. முதலில் சிரித்தார்கள். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கிவிட்டது. பின்னால் கூட்டம் வரத் தொடங்கியது. மூக்கைப் பிடித்த அந்தக் கணக்குப் புலியும் வந்தாள் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

மாடிப்படியடியில் ஸ்ட்ரெச்சரைத் திருப்பினோம். தலை முன்னால். தலைமையாசிரியை அறை வாசலில் இறக்கினோம்.

"என்ன இது கூத்து?" என்றார் அவர்.

"பேஷண்ட் மிஸ்" என்றாள் என் தோழி.

ஸ்ட்ரெச்சர் மூங்கிலை விட்டுவிட்டு நிமிர்ந்தேன். நான் பேசினேன். "இனிமே ப்ராக்டிகல் எல்லாம் இதுலதான்னு சொன்னாங்க மிஸ். நாடி பார்க்கணும், கை இல்ல. பி.பி. பார்க்கணும், கை இல்ல. தெர்மாமீட்டர் வைக்கணும், வாய் திறக்கலை. எப்படிப் பார்க்கறதுன்னு நீங்க சொல்லிக் குடுங்க மிஸ்."

பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தலைமையாசிரியையின் முகம் கறுத்தது. பொம்மை அவரைப் பார்த்துச் சிரித்தபடி கிடந்தது.

"யாரு சொல்லிக் குடுத்தா இதெல்லாம்? உங்க டீச்சரா?"

"அவங்களுக்குத் தெரியாது மிஸ். நாங்களேதான்."

"நாளைக்குக் காலையில ஒவ்வொருத்தியும் அப்பாவைக் கூட்டிட்டு வரணும். இல்லன்னா டி.சி.யை வாங்கிட்டுப் போங்க. முதல்ல இதைத் தூக்குங்க."

தூக்கினோம். இறங்கும்போது கால் முன்னால்.

வீட்டில் சொன்னேன். அப்பா, "நான் அங்க வந்து நின்னா, என் தம்பி மூஞ்சில எப்டி முழிக்கறது?" என்றார். அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. கோபம்தான் அதிகம்.

"நான் போறேன்" என்றாள் அம்மா. அவள் அதுவரை ஒரு பள்ளிக்கூடத்துக்குள்ளும் கால் வைத்ததில்லை. என்னைப் பள்ளியில் சேர்த்ததுகூட அப்பாதான்.

மறுநாள் பள்ளி வாசலில் பார்த்தால் பெரும்பாலும் அம்மாக்கள்தான். அப்பாக்களுக்கு வேலை, அல்லது வெட்கம். தோழியின் அம்மா காப்பகத்து நீலப் புடவையிலேயே வந்திருந்தார். தாம்பரம் மார்க்கெட்டில் கீரை விற்கும் ஓர் அம்மா கூடையைக் காவல்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி படியேறினார். என் அம்மா கல்யாணத்துக்குக் கட்டுகிற பச்சைப் பட்டில் இருந்தாள்.

தலைமையாசிரியை நிமிர்ந்து பார்த்தார். "அப்பாங்க யாரும் வரலையா?"

"பெத்தது நாங்க. நாங்க வந்தா ஆவாதா?" என்றாள் அம்மா.

அவர் எல்லோரையும் உட்காரச் சொன்னார். நாற்காலி பற்றாமல் பலர் நின்றார்கள். பொம்மை ஊர்வலத்தைப் பற்றிச் சொன்னார், ஒழுக்கத்தைப் பற்றிச் சொன்னார், பிறகு ஊர்ப் பெரியவர்கள் வந்ததைச் சொன்னார். "வயசுப் பொண்ணுங்க. ஆம்பளைங்க வார்டு. அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு இல்லையா?"

அம்மா பட்டின் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். வயலில் இறங்குமுன் செருகுவதுபோல.

"டீச்சரம்மா, ஆம்பளைக்கு முதுகு தொடச்சா பொம்பளை கெட்டுப் போவான்னா, எங்க ஊர்ல ஒருத்தியும் மிச்சம் இல்ல. எங்க மாமனாரு படுத்த படுக்கையா கெடந்தாரு. அவரைக் கழுவினது யாரு? உங்க கிட்ட வந்து நியாயம் சொன்னாரே, அவரு பெத்த புள்ள, அவரா? மூக்கைப் பொத்திகினு வாசல்ல நின்னுகினு இருந்தாரு. நான்தான் கழுவினேன். அப்ப ஊரு சிரிக்கலை. நல்ல மருமவள்னு சொல்லிச்சு. நான் ஒண்ணும் தெரியாம, சம்பளம் இல்லாம செஞ்சேன். அவருக்கு முதுகெல்லாம் புண்ணாப் போச்சு. எம் பொண்ணு தெரிஞ்சு செய்யட்டும். சம்பளம் வாங்கிகினு செய்யட்டும்."

 அம்மா இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. அந்த முதுகுப் புண்ணைப் பற்றி அவள் என்னிடம் ஒருநாளும் சொன்னதும் இல்லை.

தலைமையாசிரியை கெட்டவர் இல்லை. குரலை இறக்கிச் சொன்னார். "எனக்கும் மேல பதில் சொல்லணும்மா. ஏதாவது ஒண்ணு நடந்தா யார் பொறுப்பு?"

கீரைக்கார அம்மா சொன்னார். "அவ்ளோதானே? நாங்க மாத்தி மாத்தி வந்து ஒக்காந்துக்கறோம். எவன் இன்னா பண்ணிடறான்னு பாக்கறோம்."

அப்படித்தான் தீர்ந்தது. ஆண்கள் வார்டுக்குப் போகும் நாட்களில் ஓர் அம்மா கூட வரவேண்டும் என்று ஒரு நிபந்தனை. எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத அந்த நிபந்தனையை நாங்கள் ஒப்புக்கொண்டோம். மற்ற குரூப் பெண்களுக்கு அது இன்னொரு கேலியானது. "அம்மாவோட ஆஸ்பத்திரிக்குப் போற பாப்பாங்க" என்றார்கள். சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டோம். எங்களுக்கு வார்டு திரும்பக் கிடைத்துவிட்டது.

அம்மாக்கள் வார்டு வாசல் பெஞ்சில் உட்கார்வார்கள். முதல் நாள் மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டவர்கள், மூன்றாம் முறை வரும்போது நோயாளிகளின் ஊர், பிள்ளைகள், மருமகள்களின் குணம்வரை தெரிந்து வைத்திருந்தார்கள். என் அம்மாவின் முறை வந்த அன்று, காலில் எடை கட்டியிருந்த எங்கள் ஊர்க்காரர் இன்னும் அதே கட்டிலில்தான் இருந்தார். வார்டு சிஸ்டர் வேலையைப் பிரித்துக் கொடுத்தார். அவர் கட்டில் எனக்கு வந்தது.

திரையை இழுத்து மறைத்தேன். வெந்நீர்க் கிண்ணம், துண்டு, பவுடர். அவர் என்னைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் திரும்பப் பார்த்தார். கால் கட்டு விடவில்லை.

"நீ வாணாம். வேற யாரையாச்சும் வரச் சொல்லு."

"யாருக்கு யாருன்னு சிஸ்டர்தான் சொல்லுவாங்க. நானும் மாத்த முடியாது, நீங்களும் மாத்த முடியாது. மேல தொங்கற கைப்பிடியைப் பிடிச்சு உடம்பைத் தூக்குங்க."

"உங்க சித்தப்பன் இன்னா சொல்வான்?"

"அவரு இந்த வார்டுல இல்ல. தூக்குங்க."

தூக்கினார். இடுப்புக்குக் கீழே தோல் சிவந்து கன்றியிருந்தது. இன்னும் சில நாள் விட்டிருந்தால் புண்ணாகியிருக்கும். துடைத்து, உலர்த்தி, பவுடர் போட்டு, விரிப்பில் சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டேன். சிவப்பைச் சிஸ்டரிடம் சொன்னேன். ஊர்க்காரர் எனக்கு நன்றி சொல்லவில்லை. எனக்கும் அவர் நன்றி தேவைப்படவில்லை. அவர்மேல் எனக்கு இரக்கமும் வரவில்லை. வேலையைச் சரியாகச் செய்ய இரக்கம் கட்டாயமில்லை என்று அன்று தெரிந்துகொண்டேன். இதைச் சொன்னால் சிலருக்குப் பிடிப்பதில்லை. ஆனால் உண்மை.

திரையை விலக்கியதும் அவர் அம்மாவைப் பார்த்துப் புகார் சொன்னார். "இன்னாம்மா, உம் பொண்ணு கையி ஜில்லுனு கீது."

அம்மா பெஞ்சிலிருந்தபடியே சொன்னாள். "அப்ப சூடு வெக்கச் சொல்லட்டா?"

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது.

எல்லாம் ஜெயம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். எங்கள் வகுப்பிலேயே படுக்கை விரிப்பதில் கைதேர்ந்த பெண் ஒருத்தி இருந்தாள். அவள் மடித்த மூலையைச் சிஸ்டரே மற்ற நர்சுகளைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். அவள் அண்ணன் ஒருநாள் பள்ளி வாசலில் வந்து நின்று அவளைக் கையோடு அழைத்துப் போனான். அவளுடைய அம்மாவும் அன்று தலைமையாசிரியை அறைக்கு வந்தவர்தான். வீட்டில் அவர் பேச்சு செல்லவில்லை. தை மாதத்தில் அவளுக்குக் கல்யாணம் ஆனது. நானும் தோழியும் போயிருந்தோம். மணவறையிலிருந்து எங்களைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காக நான் யாரையும் மன்னிக்கவில்லை.

செய்முறைத் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், ஆஸ்பத்திரியில் நிஜ நோயாளியை வைத்தே கேட்டார். எல்லோரும் தேறினோம். அரசு நர்சிங் பயிற்சிக்கு விண்ணப்பித்து எனக்கும் ரயில்வே குவார்ட்டர்ஸ் பெண்ணுக்கும் இடம் கிடைத்தது. செய்தி ஊருக்கு வந்ததும் சித்தப்பா மொபெட்டில் வந்தார். "கவர்மெண்ட் வேலை ஆயிடும். நான் அப்பவே சொன்னேன், பொண்ணு கெட்டிக்காரின்னு" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா முதன்முறையாகத் தம்பியின் முகத்தை நேராகப் பார்த்து, "நீ அப்டிச் சொன்னதா எனக்கு ஞாபகம் இல்லியே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அப்பாவிடமிருந்து எனக்கு அது போதும்.

பயிற்சி முடிந்து, தூரத்து ஊர்களில் வேலை பார்த்து, தொண்ணூறுகளில் மாறுதல் வாங்கித் தென்சென்னைப் புறநகருக்கே வந்துசேர்ந்தேன். என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம், கல்யாணத்துக்குப் பிறகு இரவு டியூட்டி கூடாது என்றது. பஜ்ஜித் தட்டை வைத்துவிட்டு, "அப்ப வேற நர்ஸைப் பாருங்க, ராத்திரியில நோய் வராத ஊர்ல" என்று நானே சொல்லிவிட்டேன். அம்மா திட்டினாள். திட்டிக்கொண்டே மிச்ச பஜ்ஜியை எனக்கு வைத்தாள். பிறகு கட்டிக்கொண்டவர் சமைக்கத் தெரிந்தவர்.

அந்தக் காலத்தில்தான் எங்கள் பள்ளியில் நர்சிங் குரூப்பை எடுத்துவிடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். எங்கள் டீச்சர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார், அவர் இடத்தில் வந்தவரும் இன்னும் பகுதி நேரம்தான். தலைமையாசிரியையும் புதியவர். போய்க் கேட்டேன். "நாங்க மூடலைம்மா. யாரும் கேக்க மாட்டேங்கறாங்க. எல்லாருக்கும் கம்ப்யூட்டர் வேணும். காட்டாங்குளத்தூர்ல இன்ஜினியரிங் சேரணும். இந்த வருஷம் ஆள் சேரலைன்னா அந்த ரூமைக் கம்ப்யூட்டருக்குக் குடுத்துடுவோம்" என்றார்.

"ஆள் சேர்ந்தா?"

"சேர்ந்தா நடத்துவோம்."

பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை நடந்த நாட்களில் மதிய ஷிப்டுக்குப் போகுமுன், டியூட்டி உடையிலேயே பள்ளி வாசலில் போய் நின்றேன். தோழியும் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். உள்ளே போகிற ஒவ்வொரு பெண்ணிடமும், அப்பா அம்மாவிடமும், நர்சிங் குரூப் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள் என்றோம். சிலர் எங்களை ஏதோ விற்க வந்தவர்கள் என்று நினைத்து விலகினார்கள். ஒருவர், மார்க் இருக்கும்போது எதற்கு அந்தக் குரூப் என்றார். "மார்க் இருந்துதான் நான் எடுத்தேன்" என்றேன். அவர் நம்பவில்லை.

வெயில் ஏறிய நேரத்தில் ஓர் அம்மா, மகளின் கையைப் பிடித்தபடி எங்களிடம் வந்து நின்றார். உடையை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்த குரூப்பு படிச்சா, பொண்ணுக்குக் கல்யாணம் ஆவுமா?"

"ஆகும்மா" என்றேன். "ஆகலைன்னாலும் சம்பளம் வரும்."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அவள் அம்மா சிரிக்கவில்லை, யோசித்தார். பிறகு மகளின் கையை விட்டுவிட்டு, "உள்ள போய் நீயே கேளு" என்றார்.

அந்த வருடம் வகுப்பு நடந்தது. அடுத்த வருடமும் போய் நின்றோம்.